ஜன்னலோர ஸ்தானாபதி

உப்பைக் கொடுத்து நெல்லை வாங்குகிற பண்டமாற்றில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கொடுத்தது இன்னது, வாங்கியது இன்னது என்பது இரு தரப்பாருக்கும் அந்தக் கணமே கண்ணுக்குத் தெரிந்துவிடும், அளவில் குறைந்தால் அங்கேயே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். சர்வகலாசாலைகள் தங்களுக்குள் மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் அந்தச் சௌகரியம் இல்லை. மாயவரத்தில் பிறந்து, மணிக்கூண்டைத் தவிர வேறு உலக அதிசயம் எதையும் நிமிர்ந்து பாராமல் வளர்ந்த என்னை, ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரத்துக்கு ஒரு பருவகாலம் படித்துவிட்டு வரும்படி அனுப்பிவைத்த அதிகாரிகள், எனக்கு ஈடாக அங்கிருந்து யாரைப் பெற்றுக்கொண்டார்கள், அந்த மனிதர் எங்கள் விடுதிச் சாம்பாரை எத்தனை நாள் தாங்கினார், இருவரையும் நிறுத்துப் பார்த்தால் லாபம் எந்தப் பக்கம் என்பதை எல்லாம் இன்றுவரை வெளியிடவில்லை. நானும் கேட்கவில்லை. சில கணக்குகளைத் திறக்காமலிருப்பதே இரு தேசங்களின் நல்லுறவுக்கு உகந்தது.

1987-ஆம் வருஷத்தில் ஐரோப்பியர்கள் எராஸ்மஸ் என்னும் திட்டத்தை ஏற்படுத்தி, ஒரு நாட்டு மாணவர்களை இன்னொரு நாட்டுக்கு அனுப்பத் தொடங்கியதிலிருந்து, அயல்நாட்டு மாணவர் என்போர் அந்தக் கண்டத்துச் சர்வகலாசாலைகளில் ஒரு தனி வர்க்கமாகவே ஆகிவிட்டார்கள். என்னைப் போல் அந்தக் கண்டத்துக்கே சம்பந்தமில்லாத ஊர்களிலிருந்து வேறு ஒப்பந்தங்களின் பேரில் வந்து சேர்ந்தவர்களும் அந்த வர்க்கத்திலேயே ஐக்கியமாகிவிடுகிறோம். இந்த வர்க்கத்தாருக்கு வார நாட்களில் என்ன கற்பிப்பது என்பதைக் காட்டிலும், வார இறுதியில் இவர்களை என்ன செய்வது என்பதே நிர்வாகத்துக்குப் பெரிய கவலை. ஏனெனில் ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைகள் அடைபட்டு, வீதிகள் வெறிச்சோடி, உள்ளூர்வாசிகள் அனைவரும் குடும்பத்தோடு காட்டுக்குள் நடக்கப் போய்விடுவார்கள். காடும் இல்லாமல் குடும்பமும் இல்லாமல் விடுதி அறையில் கிடக்கிற அயல்நாட்டு மாணவன், சனிக்கிழமை மாலையே ரொட்டி வாங்கிவைக்க மறந்தானானால், வீட்டு நினைவு வந்து கண் கலங்கத் தொடங்கிவிடுவான். இந்த ஆபத்தைத் தவிர்க்கவே 'பண்பாட்டு அறிமுகச் சுற்றுலா' என்ற பெயரில் எங்களை மொத்தமாக ஒரு பஸ்ஸில் ஏற்றி, கோட்டை கொத்தளங்களைக் காட்டி, இரவு களைத்துப்போனவர்களாகத் திருப்பி இறக்கிவிடும் ஏற்பாடு நடந்துவந்தது என்பது என் அபிப்பிராயம்.

சுற்றறிக்கையில் கூடும் நேரம் 7.50 என்றும் புறப்படும் நேரம் 8.03 என்றும் அச்சிட்டிருக்கும். முதல் தடவை அதைப் படித்தபோது, அந்த மூன்று நிமிஷத்தை நான் அச்சுப் பிழை என்றே எடுத்துக்கொண்டேன். எட்டு என்றால் எட்டேகாலும் எட்டரையும் அதற்குள் அடங்கும் என்ற பரந்த நோக்கம் படைத்த ஜில்லாவில் வளர்ந்தவனுக்கு வேறு எவ்விதமாக எடுத்துக்கொள்ளத் தோன்றும்? ஆனால் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கத்தில் நின்ற அந்த வெள்ளைப் பஸ் 8.03-க்குக் கதவைச் சாத்திக்கொண்டது. வீதியின் மறுபுறத்தில் கையில் காப்பிக் கோப்பையோடு ஓடிவந்துகொண்டிருந்த ஸ்பெயின் தேசத்து வாலிபர்கள் இருவர், பஸ்ஸின் பின்புறத்தை நோக்கிப் பேசிய வசனங்கள் எனக்கு மொழி தெரியாமலே அர்த்தமாயின.

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்த அம்மாள், கிழக்கு ஜெர்மனி என்று ஒரு தேசம் இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். மடக்கிய நீலக் குடை ஒன்றை எப்போதும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடப்பார். மழை பெய்யும்போதும் அதை விரிக்கமாட்டார், விரித்தால் எங்களுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமாம். அவருக்குச் சரித்திரத்தில் எவ்வளவு பற்று இருந்ததோ அதைவிட ஒரு படி கூடுதலாக எண்ணிக்கையில் பற்று இருந்தது. ஏறும்போது எண்ணுவார், இறங்கும்போது எண்ணுவார், கழிப்பறைக்குப் போகும்போதும் வரும்போதும் எண்ணுவார். 48 பேர் என்றால் 48 தலைகள் கண்ணில் பட்டாலொழிய எந்தச் சக்கரவர்த்தியைப் பற்றியும் வாய் திறக்கமாட்டார். இந்த எண்ணிக்கையில் ஆள் குறைந்துபோய் அவர் தவித்ததை நான் கண்டதில்லை. கூடிப்போய்த் தவித்ததைக் கண்டேன். வார்ட்புர்க் கோட்டையின் அடிவாரத்தில் ஒரு மாலையில் அவர் எண்ணியபோது 49 வந்தது. மறுபடி எண்ணினார், 49. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்து, கடைசி ஆசன வரிசைக்குப் போய்ப் பார்த்தபோது, வேறு ஏதோ பஸ்ஸைச் சேர்ந்த ஜப்பானியக் கிழவர் ஒருவர், தொப்பியை முகத்தின்மீது கவிழ்த்துக்கொண்டு நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும் எழுந்து, எங்கள் அனைவருக்கும் தலை வணங்கி, இறங்கிப் போனார். வழிகாட்டி அம்மாள் அதற்குப் பிறகும் ஒரு முறை எண்ணினார்.

அந்தக் கோட்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். ஐஸனாக் என்ற ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் இருக்கும் அந்தக் கோட்டையில்தான், அரசாங்கத்தாலும் போப்பாண்டவராலும் விலக்கப்பட்ட மார்ட்டின் லூதர், தாடி வளர்த்துக்கொண்டு, ஜார்ஜ் என்னும் வீரனாக வேஷம் பூண்டு, 1521-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து மறு வருஷம் மார்ச்சு வரையில் மறைந்து வாழ்ந்தார். சுமார் பதினோரு வாரத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தும் முடித்தார். ஒரு பருவகாலத்தில் பதினைந்து பக்கக் கட்டுரை ஒன்றை எழுதி முடிக்கமாட்டாமல் ஆசிரியரிடம் தவணை கேட்டுக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்துக்கு இந்தச் செய்தி ரசமாகப் படவில்லை. பேய் வந்து தொந்தரவு செய்தபோது லூதர் மைக்கூட்டை எடுத்து அதன்மேல் வீசினார் என்றும், மை சுவரில் பட்டுக் கறையாயிற்று என்றும் ஒரு கதை உண்டு. அந்தக் கறையைத் தரிசிக்க வந்த பக்தர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுவரைச் சுரண்டிக்கொண்டு போவதும், நிர்வாகத்தார் புதிதாக மை பூசிவைப்பதுமாகப் பல தலைமுறை நடந்து, கடைசியில் இப்போது கறையும் இல்லை, காரையும் இல்லை, வெறுங்கல்தான் தெரிகிறது. இருந்தாலும் நாங்கள் 48 பேரும் வரிசையில் நின்று, இல்லாத கறையைப் படம் எடுத்துக்கொண்டோம். குன்றின்மேல் ஏற வசதியாகக் கழுதைகள் இருக்கின்றன. ஆனால் குழந்தைகளை மட்டுமே சுமக்கும் என்று அறிவிப்புப் பலகை கண்டிப்பாகச் சொல்கிறது. பட்டதாரிகளுக்குச் சலுகை உண்டா என்று பிரேசில் நண்பர் ஒருவர் விசாரித்துப் பார்த்தார். கழுதைக்காரர் அவரை ஏற இறங்க நோக்கிவிட்டு, கழுதையின் அபிப்பிராயத்தைக் கேட்கத் தேவையில்லை என்பதுபோல் தலையை அசைத்தார்.

பஸ்ஸுக்குள் நிலவிய சமூக அமைப்புக்கு இப்போது வருகிறேன். முதல் யாத்திரையில் யார் எந்த ஆசனத்தில் அகஸ்மாத்தாக உட்கார்ந்தார்களோ, அது அவர்களுக்குப் பட்டா எழுதாத பூர்வீக சொத்தாக நிலைத்துவிட்டது. எனக்குக் கிடைத்தது இடப்பக்கத்து ஜன்னலோரம். "பஸ்ஸிலே போறப்ப கையைத் தலையை வெளியே நீட்டாதேப்பா" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில் எச்சரித்துவந்த என் தாயாரிடம், அந்தத் தேசத்துச் சுற்றுலாப் பஸ்ஸின் ஜன்னலைத் திறக்கவே முடியாது என்ற உண்மையை நான் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால், காற்று இல்லாமல் எப்படிப் போகிறாய் என்று அடுத்த கவலைக்குத் தாவியிருப்பார். அந்தக் கவலையில் நியாயமும் இருந்தது. ஒரு நாள் நான் டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தோடு ஊரிலிருந்து கொண்டுவந்த ஆவக்காய் ஊறுகாயையும் வெளிப்படுத்தியபோது, ஐந்து வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த வழிகாட்டி அம்மாள் எழுந்துவந்து, யாருக்கேனும் உடம்பு சரியில்லையா, மருந்து வாசனை வருகிறதே என்று கனிவோடு விசாரித்தார்.

என் பக்கத்து ஆசனத்துக்கு உரியவர் சமர்க்கண்டிலிருந்து வந்த உஸ்பெக் மாணவர். நான் இந்தியன் என்று அறிந்ததும் அவர் எழுந்து நின்று என்னைத் தழுவிக்கொண்டார். அவருடைய பாட்டியார், ராஜ் கபூர் நடித்த 'ஆவாரா' படத்தைச் சோவியத் காலத்தில் எத்தனையோ தடவை பார்த்து, பாட்டுக்களை எல்லாம் நெட்டுருப் போட்டுவைத்திருந்தாராம். பாட்டியிடம் கற்ற அந்த ஹிந்திப் பாட்டுக்களில் ஒன்றை அவர் பிழையில்லாமல் பாடிவிட்டு, அடுத்த அடியை நான் எடுக்கவேண்டும் என்று புன்னகையோடு காத்திருந்தார். எனக்கு அடுத்த அடியும் தெரியாது, அந்த அடியின் அர்த்தமும் தெரியாது. எங்கள் ஊரில் பிறந்த தியாகராஜ பாகவதர் என்று ஒருவர் உண்டு, அவர் நடித்த 'ஹரிதாஸ்' என்ற படம் 1944-இல் வெளிவந்து சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது என்று எடுத்துச் சொல்லி, தேச கௌரவத்தை வேறு வழியாக மீட்க முயன்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு, நான் உண்மையில் இந்தியன்தானா என்ற ஐயம் அவர் பார்வையில் ஓரமாக ஒட்டிக்கொண்டேயிருந்தது.

இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் ஏற்பட்டதன்று. ஜெர்மனியைப் பார்ப்பதற்காக ஏற்றப்பட்ட அந்த 48 பேரும், ஏறிய க்ஷணத்திலிருந்து, நியமனப் பத்திரமோ சம்பளமோ இல்லாமல் அவரவர் நாட்டின் ஸ்தானாபதிகளாக உத்தியோகம் பார்க்கும்படி நேர்ந்துவிட்டது. இத்தாலிய மாணவி ரொட்டிக்கடையில் எதைத் தின்றாலும், அதை அவருடைய நாடு அங்கீகரிக்கிறதா என்று எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். பின்லாந்துக்காரர் சற்று வாயாடியாகப் பிறந்துவிட்டார். பின்லாந்தார் மௌனிகள் என்று கேள்விப்பட்டிருக்கிறோமே என்று அவரிடமே பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். மிளகாய், யோகம், ஜாதி, பசு, சதுரங்கம், கணிப்பொறி ஆகிய இலாகாக்கள் அனைத்துக்கும் நான் ஒருவனே பொறுப்பாளி. பழைய கோட்டையொன்றின் வாசலில் நின்றுகொண்டு, பதினான்காம் நூற்றாண்டுக் கற்சிற்பத்தைப் பற்றி வழிகாட்டி அம்மாள் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கையில், என் பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகத் தோளைத் தொட்டு, உங்கள் கல்யாணத்தை உங்கள் பெற்றோர்தாம் நிச்சயிப்பார்களா என்று கேட்டார். சிற்பத்தைப் பற்றி எனக்கு இன்றுவரை எதுவும் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம்.

நாங்கள் கண்ட தேசங்களுக்கு எல்லாம் உண்மையான அதிபதி யார் என்று கேட்டால், எங்கள் பஸ்ஸின் சாரதி என்றே சொல்வேன். சாம்பல் மீசையும் இஸ்திரி கலையாத சட்டையுமாக விளங்கிய அந்த மனிதர், ஐரோப்பாவின் எல்லாப் பிரசித்தமான நகரங்களுக்கும் போயிருக்கிறார். ஆனால் எதற்குள்ளும் போனதில்லை. எங்களை வாசலில் இறக்கிவிட்டு, பஸ் நிறுத்துமிடத்தில் காத்திருந்து, திரும்ப ஏற்றிக்கொள்வதே அவர் கடமையாதலால், நகரங்களின் தராதரத்தை அவர் நிறுத்துமிடத்தைக் கொண்டே நிர்ணயம் செய்துவந்தார். டிரெஸ்டன் நல்ல ஊர், ஆனால் வளைவு குறுகல். வைமார் மிக நல்ல ஊர், நிழல் இருக்கிறது. கெதேயும் ஷில்லரும் வாழ்ந்ததனால் வைமாருக்கு ஏற்பட்ட பெருமையை அவர் மறுக்கவில்லை. நிழலுக்குப் பிறகு வைத்தார்.

இவருடைய அதிகாரத்தின் பூரண சொரூபத்தை நாங்கள் தரிசித்தது பிராக் யாத்திரையின்போது. ஐரோப்பிய ஐக்கியத்தின் சட்டப்படி, பஸ் ஓட்டுகிறவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஓட்டிய நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் ஒரு பதிவுக் கருவி நிமிஷ சுத்தமாகக் குறித்துக்கொண்டேயிருக்கும். லைப்சிக்கிலிருந்து பிராக் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம், ஆகையால் சட்டத்துக்கு வேலையே இல்லை. ஆனால் அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே புறப்பட்டிருந்தும், சாலை வேலை காரணமாக வண்டிகள் மைல் கணக்கில் தேங்கி, அடி அடியாக ஊர்ந்து, பிராக் நகரத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் என்று பலகை சொன்ன இடத்தில் நாலரை மணி நேரம் பூர்த்தியாயிற்று. சாரதி ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ்ஸை ஓய்விடத்துக்குத் திருப்பி நிறுத்தினார். பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ஆம் வருஷத்திலிருந்து இயங்கிவரும் வானியல் கடிகாரத்தில் பன்னிரண்டு சீடர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு வலம் வருவதைக் காண்பதற்கென்றே அன்றைய நிகழ்ச்சி வகுக்கப்பட்டிருந்தது. வழிகாட்டி அம்மாள் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாரதியைப் பார்த்தார். சட்டத்துக்கும் நேர ஒழுங்குக்கும் இடையில் ஒரு ஜெர்மானியருக்கு ஏற்படக்கூடிய தர்மசங்கடத்தை அவர் முகத்தில் கண்டேன். சாரதியோ காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கறுப்பு ரொட்டியின்மீது வெண்ணெயை ஓரம் வரையில் ஒரே கனமாகத் தடவி, வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றை அதன்மேல் நேராக வைத்து, மென்று, கைக்குட்டையால் மீசையைத் துடைத்து, கண்களை மூடிக்கொண்டார்.

எங்கள் ஊர்ப்பக்கத்துச் சுற்றுலாப் பஸ்ஸாயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த 45 நிமிஷமும் எண்ணிப் பார்த்தேன். சாரதிக்கு யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, கொஞ்சம் பார்த்து ஓட்டுங்க, நடை சாத்திடுவான்" என்று சொல்லியிருப்பார்கள்; அவரும் நடை சாத்துவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார், அல்லது வேறு எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். நாங்கள் சீடர்களை ஒரு மணிக்குத்தான் பார்த்தோம். எலும்புக்கூடு மணியை இழுக்க, மேலே இரண்டு சிறிய ஜன்னல்கள் திறக்க, சீடர்கள் வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டு மறைய, கடைசியில் சேவல் ஒன்று கூவியது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. என் முன்னால் நின்றவர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தபடியால், அதன் திரையில் அதைச் சிறிய அளவில் கண்டு களித்தேன்.

மைஸன் யாத்திரைக்கு வருகிறேன். தங்கம் செய்து தருவதாக வாக்களித்த பெட்கர் என்னும் ரசவாதியைச் சாக்ஸனியின் மன்னர் அகஸ்டஸ் பிடித்து அடைத்துவைக்க, அவர் தங்கத்துக்குப் பதிலாகப் பீங்கான் செய்யும் இரகசியத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்து, 1710-ஆம் வருஷத்தில் பீங்கான் ஆலை ஏற்பட்ட ஊர் அது. மாதா கோவிலின் மணிகளைக்கூட அங்கே பீங்கானில் செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆயினும் எங்களைக் கவர்ந்தது பீங்கான் அன்று. அதன் விலையைப் பார்த்தபிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தோம். எங்களைக் கவர்ந்தது ஃபும்மல் என்னும் பலகாரம். தலையணை உறையில் காற்றடைத்த மாதிரி உப்பி, காகிதம் போன்ற மெல்லிய ஓட்டோடு, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருக்கும். மைஸனின் திராட்சை மதுவை அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டுக் குதிரையில் தள்ளாடிவந்த தூதன் ஒருவனைத் திருத்துவதற்காக, தொட்டால் நொறுங்கும் பண்டம் ஒன்றைச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அதை உடையாமல் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று மன்னர் உத்தரவிட்டாராம். குடித்துவிட்டுக் குதிரை ஓட்டினால் பலகாரம் சாட்சி சொல்லிவிடும்.

கொரியா தேசத்து மாணவி ஒருவர் அதில் ஒன்றை வாங்கிவிட்டார். அதை மடியில் வைத்து, இரு கைகளாலும் வளைத்துப் பிடித்தபடி அவர் பஸ்ஸில் ஏறிய நிமிஷத்திலிருந்து, மன்னரின் உத்தரவு எங்கள் அனைவருக்கும் அமுலுக்கு வந்தது. பின் வரிசையில் நித்தியமும் நடக்கும் கச்சேரி நின்றது. ஸ்பெயின் வாலிபர்கள் மேல் தட்டில் இருந்த தங்கள் மூட்டைகளை இறக்கிக் காலடியில் வைத்துக்கொண்டார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் போக அனுமதியுள்ள சாலையில், சாரதி எண்பதுக்கு மேல் போகவில்லை. கண்ணாடியில் அந்தப் பலகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டார். வாழ்நாளில் அதிகாரி எவருக்கும் கட்டுப்படாத உஸ்பெக் நண்பர், தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். லைப்சிக் வந்து சேர்ந்தோம். பண்டம் முழுசாக இருந்தது. அந்தப் பெண் படியிறங்கி, சாரதியின் எதிரில் நின்று, தங்கள் தேசத்து முறைப்படி இடுப்பை வளைத்து ஆழ்ந்த வணக்கம் செலுத்தினார். மார்போடு அணைத்திருந்த ஃபும்மல் அந்த வணக்கத்தில் தூள் தூளாயிற்று. சாரதி தம் தொப்பியைக் கழற்றினார். நொறுங்கிய துண்டுகளை நாங்கள் பகிர்ந்து உண்டோம். எந்த ருசியும் இல்லை.

இவையெல்லாம் நடந்து, என் ஸ்தானாபதி உத்தியோகத்தில் நான் ஏறக்குறைய அலுத்துப்போயிருந்த சமயத்தில், ஹாலே நகரத்துக்கு ஒரு சிறு யாத்திரை அறிவிக்கப்பட்டது. லைப்சிக்கிலிருந்து முக்கால் மணிப் பிரயாணம். சங்கீத மேதை ஹாண்டல் 1685-இல் பிறந்த ஊர் என்பதும், உப்புக் காய்ச்சி வாழ்ந்த ஊர் என்பதும் சுற்றறிக்கையில் இருந்தன. மூன்றாவதாக, பிராங்கே என்னும் பாதிரியார் 1698-இல் நிறுவிய அனாதை இல்லமும் பள்ளிகளும் என்று ஒரு வரி இருந்தது. அந்த அனாதை இல்லத்தின் மாடிக்கு மேல் மாடியாக ஏறி, கூரைக்கு அடியிலுள்ள அபூர்வப் பொருட்களின் அறைக்குள் நுழைந்தோம். நடுவே முதலையொன்று உத்தரத்திலிருந்து தொங்கிற்று; சுற்றிலும் வர்ணம் தீட்டிய பெரிய அலமாரிகளில் சங்கு, பவளம், பாம்பு, பாதரட்சை முதலியவற்றைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒழுங்கு செய்துவைத்தபடியே வைத்திருந்தார்கள். வழிகாட்டி அம்மாள் ஓர் அலமாரியின் முன் நின்று, இவை தரங்கம்பாடி என்ற ஊரிலிருந்து வந்தவை என்றார்.

மாயவரத்துக்காரனுக்குத் தரங்கம்பாடி என்பது ஊரா? பஸ் ஏறினால் செம்பொன்னார்கோவில், ஆக்கூர் தாண்டி ஒரு மணி நேரம். காணும் பொங்கலுக்குப் போய்க் கடற்கரையில் கட்டுச்சோற்றைப் பிரிக்கிற இடம். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டையின் நிழலில் நாங்கள் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். அந்த ஊரின் பெயரை ஒரு ஜெர்மானிய மூதாட்டி முதலைக்கு அடியில் நின்று உச்சரிக்கக் கேட்டதும், என்னையறியாமல் கையை உயர்த்தி, அது எங்கள் பக்கத்து ஊர் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். முதலை, ஹாண்டல் எல்லாம் பின்னால் தள்ளப்பட்டு, 47 பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பனையோலைகள் இருந்தன. அவற்றைப் படித்துச் சொல்லும்படி வழிகாட்டி அம்மாள் பணித்தார்.

பனையோலையைப் படித்துப் பழகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஓலை கிழிந்துவிடும் என்று அக்காலத்தார் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வடிவில் பேதம் இல்லை. குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றே. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதும் கிடையாது. உ.வே. சாமிநாதையர் அவர்கள் கண்கள் தேயத் தேய இவற்றைப் படித்துப் பதிப்பித்தார்கள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து பரீட்சையில் ஐந்து மார்க்கு வாங்கியவன் நான். ஐந்து மார்க்கு எவ்வளவு குறைவு என்பது ஹாலேயில்தான் விளங்கிற்று. ஆனால் 47 முகங்கள் எதிரே காத்திருக்கின்றன. மாயூரநாத சுவாமி சந்நிதியில் ஓதுவார் பதிகம் பாடும் ராகத்தைப் பற்றிக்கொண்டு, கண்ணுக்குப் பிடிபட்ட எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி முழக்கி வாசித்தேன். கூட்டம் மெய்ம்மறந்து கேட்டது. உஸ்பெக் நண்பரின் கண்களில், இத்தனை மாதமாக ஒட்டிக்கொண்டிருந்த ஐயம் நீங்கிற்று. பொருள் என்ன என்று அம்மாள் கேட்டார். ஓலையில் எழுதியது கடவுளைப் பற்றியோ, வைத்தியத்தைப் பற்றியோ, கடனைப் பற்றியோதான் இருக்கும்; இவ்வளவு தூரம் கப்பலேற்றி, கண்ணாடிக்குள் வைத்துக் காப்பதனால் கடன் பத்திரமாக இருக்க நியாயமில்லை என்று யோசித்து, தெய்வ சம்பந்தமான விஷயம் என்றேன். அம்மாள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் சொன்ன சரித்திரம், எங்கள் ஊர்ப் பள்ளியில் எனக்கு யாரும் இவ்வளவு நயமாகச் சொன்னதில்லை. சீகன்பால்கு என்னும் இளம் பாதிரியார் 1706-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, சிறு பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அரிச்சுவடி கற்றார். தமிழ் அச்சுக்கு வேண்டிய எழுத்துக்களை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். அவை பருமனாக இருந்து காகிதத்தை ஏராளமாக விழுங்கவே, பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்துக்கொண்டு, காகித ஆலையும் ஏற்படுத்தினார்கள். 1714-இல் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பும்போது மலையப்பன் என்ற தமிழ் இளைஞனை உடன் அழைத்துவந்தார்; லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சாயிற்று. எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் படிப்பு சம்பந்தமாகப் போன முதல் பேர்வழி நான் என்று என் தாயார் அக்கம்பக்கத்தில் பரப்பிவைத்திருந்த செய்தி, முந்நூறு வருஷத்துக்கு முன்பே பொய்த்துப்போனதைக் கண்டேன். நம்முடைய தெய்வங்களின் வமிசாவளியைப் பற்றி அதே சீகன்பால்கு 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் பிராங்கே, உம்மை அனுப்பியது அந்தக் கொள்கைகளை ஒழிக்கவே தவிர ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்ற கருத்தில் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார். 1867-இல் சென்னையில்தான் அது அச்சேறியது. தான் அனுப்பிய கட்டுரையை ஆசிரியர் திருப்பியதை எண்ணி அதுவரை வாடிக்கொண்டிருந்த இத்தாலிய மாணவிக்கு இது மிகுந்த ஆறுதலாயிருந்தது.

திரும்பும்போது வழிகாட்டி அம்மாள், தமக்கு உரிய ஒலிவாங்கியை என் கையில் கொடுத்து, தரங்கம்பாடியைப் பற்றி லைப்சிக் வரும் வரையில் பேசும்படி கேட்டுக்கொண்டார். அது அவர் எவருக்கும் செய்யாத கௌரவம். முன் ஆசனத்தில், சாரதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினேன். கோட்டையைப் பற்றி, மாசிலாமணிநாதர் கோவிலை அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதைப் பற்றி, சீகன்பால்கு கட்டிய புது ஜெருசலேம் தேவாலயத்தைப் பற்றி, அங்கே பொரிக்கிற வஞ்சிர மீனைப் பற்றி. ஐந்தாவது நிமிஷத்தில் பின் வரிசை உறங்கிற்று. பத்தாவது நிமிஷத்தில் நடு வரிசை. சற்று நேரத்தில் வழிகாட்டி அம்மாளின் தலையே நீலக் குடையின் பிடியில் சாய்ந்துவிட்டது. சட்டப்படி விழித்திருக்கக் கடமைப்பட்ட ஒரே ஆத்மா சாரதிதான் என்பதால் அவருக்கே முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். ரயில் நிலையத்தின் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பதிவுக் கருவியை அமர்த்திய பிறகு, என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கோட்டைக்கு அருகில் பஸ் நிறுத்த இடம் உண்டா?"

"கோட்டை வாசலிலேயே நிறுத்தலாம், வேண்டுமானால் கடல் வரைக்கும் போய் நிறுத்தலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்றேன்.

"நிழல்?"

"புன்னை மரம் இருக்கிறது."

சாரதி பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து, ஊரின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி கேட்டார்.